கறுப்பினக் கலைஞர்களின் ஒளிப்படங்களில் உடலும் அழகும்: கேள்வி பதில்

அமெரிக்கா, ஆப்பிரிக்கா, பிரிட்டன் ஆகிய இடங்களின் கறுப்பின ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, "கறுப்பே அழகு" என்ற முழக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். அதற்கும் ஒளிப்படத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. க்வாமே பிராத்வைட் என்ற ஒளிப்படக்காரரைத் தேடிப் பாருங்கள். 1938-இல் நியூயார்க்கில் பிறந்தவர், பெற்றோர் பார்படோஸ் தீவைச் சேர்ந்தவர்கள். 1956-இல் அவரும் அண்ணன் எலோம்பே பிராத்தும் நண்பர்களும் சேர்ந்து ஜாஸ் இசைக்காகவும் கலைக்காகவும் ஒரு குழு தொடங்கினார்கள். அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள்தான் கிராண்டாசா மாடல்கள். தலைமுடியை நேராக்காமல், விக் வைக்காமல், சுருள்முடியோடும் கருமையான சருமத்தோடும் மேடையேறிய பெண்கள். 1962 ஜனவரி 28 அன்று நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 'நேச்சுரலி 62' என்ற ஃபேஷன் நிகழ்ச்சி நடந்தது. பாடகி அபி லிங்கனும் அதில் பங்கெடுத்தார். அந்தக் காலத்தில் கறுப்பினப் பத்திரிகைகளிலேயே வெளிர் நிறப் பெண்களுக்குத்தான் முதலிடம், முடியை நேராக்கும் கிரீமுக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம். அதை நினைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பாருங்கள், அந்தப் பெண்களின் நிமிர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிராத்வைட் தொழில் பழகியது இருட்டான ஜாஸ் கிளப்களில், பிளாஷ் இல்லாமல். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் கருமையான முகத்தை எப்படிப் பதிவு செய்வது, டார்க்ரூமில் அந்தக் கருமையின் செழுமை போகாமல் எப்படிப் பிரின்ட் போடுவது என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். அவருடைய அரசியலை இந்தக் கைத்திறனிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நிர்வாணப் படங்களும் இதில் நிறைய இருக்கின்றன. கலைக்கும் ஆபாசத்துக்கும் எங்கே கோடு போடுவது? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மேடம், உண்மையாகவே குழப்பமாக இருக்கிறது.

தப்பே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆடை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து நான் கோடு போடுவதில்லை. படத்தில் இருப்பவர் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று தீர்மானித்தது யார் என்றுதான் பார்ப்பேன்.

இதைச் சொல்ல 1850-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா என்ற ஊரில், ஜோசப் ஸீலி என்ற ஒளிப்படக்காரர் அடிமைகளாக இருந்த ஏழு பேரை உடைகளைக் களையவைத்துப் படமெடுத்தார். படங்களைக் கேட்டவர் ஹார்வர்ட் விஞ்ஞானி லூயி அகாசி. இனங்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு என்று நிறுவ அவருக்குச் சான்று தேவைப்பட்டது. ரென்டி, அவர் மகள் டெலியா ஆகியோர் அந்த ஏழு பேரில் இருந்தார்கள். படம் எடுக்கச் சம்மதமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அதற்கும் முன்னால், தென்னாப்பிரிக்காவின் சாரா பார்ட்மன் 1810-இல் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, உடலமைப்புக்காகவே காட்சிப்பொருளாக்கப்பட்டார். 1815-இல் பாரிஸில் இறந்த பிறகும் அவருடைய உடற்பாகங்கள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவை சொந்த மண்ணில் அடக்கமானது 2002-இல்தான்.

கறுப்பின உடலை ஒளிப்படத்தில் அழகாகக் காட்டும் எந்தக் கலைஞரும் இந்த வரலாற்றுக்கு எதிரே நின்றுதான் காட்டுகிறார். அமெரிக்கக் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் கேரி மே வீம்ஸ் ஸீலியின் அந்தப் படங்களையே எடுத்து, பெரிதாக்கி, சிவப்புச் சாயமேற்றி, மேலே கண்ணாடியில் வாசகங்களைப் பொறித்து 1995-96-இல் ஒரு தொடர் செய்தார். இன்னொரு கறுப்பினக் கலைஞர் ரெனே காக்ஸ் சாரா பார்ட்மனின் தோற்றத்தைத் தானே ஏற்று நின்றார். அவருடைய 'யோ மாமா' (1993) படத்தில் ஹை ஹீல்ஸ் மட்டும் அணிந்து, குழந்தையை ஏந்திக்கொண்டு, கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அந்தப் படத்தை ஆபாசம் என்று என்னால் நினைக்கவே முடியாது.

காதல், நெருக்கம் இதெல்லாம் உள்ள படங்களில் உங்களுக்குப் பிடித்தது?

வீம்ஸின் 'கிச்சன் டேபிள்' தொடர், 1990. ஒரு மேசை, மேலே தொங்கும் ஒரு விளக்கு, அவ்வளவுதான் களம். அந்த மேசையில் ஒரு பெண் காதலனோடு இருக்கிறாள், மகளோடு இருக்கிறாள், தோழிகளோடு இருக்கிறாள், கடைசியில் தனியாக இருக்கிறாள். அந்தப் பெண்ணாக வீம்ஸே நடித்திருக்கிறார். பெரும்பாலான படங்களில் ஆடை எதுவும் விலகுவதில்லை. ஆனாலும் அவன் உட்கார்ந்திருக்க, அவள் பின்னால் சாய்ந்து அணைத்துக்கொள்ளும் அந்த இடத்தில் இருக்கும் நெருக்கம் பல நிர்வாணப் படங்களில் கிடையாது. ஒரு பெண்ணின் ஆசையை அவள் வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து வைத்துப் பார்த்ததால் வந்த பலம் அது என்பேன்.

அப்புறம் ராய் டிகரவா. அமெரிக்காவில் கலைஞர்களுக்குத் தரப்படும் குகன்ஹைம் உதவித்தொகையைப் பெற்ற முதல் கறுப்பின ஒளிப்படக்காரர், 1952-இல். ஹார்லெமில் ஆடுபவர்களையும் இசைக் கலைஞர்களையும் பிளாஷ் போடாமல் எடுத்தார். பிரின்ட்கள் அவ்வளவு இருட்டாக இருக்கும், முதலில் ஒன்றுமே தெரியாத மாதிரி. நின்று பார்க்கப் பார்க்க ஒரு தோள், ஒரு கன்னம், முதுகில் பதிந்த ஒரு கை என்று ஒவ்வொன்றாகத் தெரிய வரும். போனில் வேகமாகத் தள்ளிப் பார்த்தால் இது கிடைக்காது.

பழைய கலர் ஃபிலிமில் கருமையான முகம் சரியாக வராது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஃபிலிமைக் கழுவிப் பிரின்ட் போடும் லேபில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் சருமம் சரியாக வந்தால் போதும் என்று பிரின்ட் போட்டார்கள். கருமையான முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தன. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் எழுதியதில் என்னை உலுக்கிய விஷயம், பழுப்பு நிறங்களைக் கோடாக் மேம்படுத்தக் காரணமானவை சாக்லேட் கம்பெனிகளும் மரச் சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகார்கள் என்பது. மனித முகங்களுக்காக அந்த வேலை நடக்கவில்லை.

நான் கல்யாண போட்டோ எடுப்பவன் அக்கா. மணப்பெண் கறுப்பாக இருந்தால் வீட்டுக்காரர்களே 'கொஞ்சம் வெளுப்பாக்குங்க' என்கிறார்கள். கருமையை அழகாக எடுக்க இவர்களிடமிருந்து என்ன கற்கலாம்?

முதலில் மீட்டர். கேமராவுக்குள் இருக்கும் லைட் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கரிய முகமும் இருண்ட பின்னணியும் ஃபிரேமை நிறைத்தால் எக்ஸ்போஷரை ஏற்றி முகத்தை வெளிறச் செய்துவிடும். பக்கத்தில் பளீரென்ற வெள்ளை வேட்டி இருந்தால் நேர்மாறாக, முகம் இருண்டு போகும். அதனால் ஆட்டோவை நம்பாதீர்கள். கையில் பிடிக்கும் இன்சிடென்ட் மீட்டரை முகத்தருகே வைத்து, விழுகிற வெளிச்சத்தை அளந்து மேனுவலில் எடுங்கள். ரா ஃபைல் கட்டாயம்.

அடுத்தது ஒளியின் அளவு. கருமையான சருமத்தில் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் அதன் மேல் விழும் பளபளப்புதான். சின்ன பிளாஷை நேராக அடித்தால் நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழும். பெரிய ஜன்னலோ பெரிய சாஃப்ட்பாக்ஸோ பக்கவாட்டில் இருந்தால் கன்ன எலும்பிலும் கழுத்திலும் நீளமான மென்மையான மினுக்கு கிடைக்கும். துளி எண்ணெய் தடவினால் இன்னும் நன்றாக வரும். பவுடரை அப்பினால் எல்லாம் போய்விடும். பின்னணி முகத்தைவிட வெளிர்நிறமாக இருக்கட்டும். இல்லையென்றால் பின்னாலிருந்து ஒரு விளக்கு. எடிட்டிங்கில் நிழலைத் தூக்கிவிடும் பழக்கத்தை விடுங்கள், நிழல் இருந்தால்தான் அந்த முகம் அந்த முகமாக இருக்கும்.

வெளுப்பாக்கச் சொன்னால், முதலில் நன்றாக எடுத்த ஒரு படத்தை அந்தப் பெண்ணிடமே காட்டுங்கள். முடிவு அவளுடையது, சித்தப்பாவுடையது இல்லை. ஒளிப்படக் கலைஞர் ஸனேலே முஹோலியைப் பற்றியும் அவளிடம் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் உம்லாசியில் பிறந்தவர். 2012-இல் தொடங்கிய 'சொம்ன்யாமா ங்கொன்யாமா' என்ற தற்படத் தொடரில் கான்ட்ராஸ்டை ஏற்றித் தன் சருமத்தை இன்னும் கருமையாக்கினார். அதில் ஒரு படத்தில் துணி கிளிப்புகளையே ஆபரணமாக மாட்டியிருப்பார். வீட்டுவேலை செய்து பிழைத்த தாயின் நினைவாக எடுத்த படம். அம்மாவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்.

ஆண் உடல் பற்றி யாரும் பேசுவதில்லையே?

ரோட்டிமி ஃபனி-கயோடே பேசினார். லாகோஸில் 1955-இல் பிறந்தவர். 1966-இல் நைஜீரியாவில் ராணுவப் புரட்சி நடந்த பிறகு குடும்பம் பிரிட்டனுக்குப் போனது. நைஜீரியாவின் யொரூபா இனத்தவரின் சடங்குகளையும் முகமூடிகளையும் பழங்களையும் பூக்களையும் கறுப்பின ஆண் உடலோடு சேர்த்துப் படமெடுத்தார். தன்பாலின ஆசையை ஒளிக்காமல், பக்தியோடு காட்டினார். கறுப்பின ஒளிப்படக் கலைஞர்களுக்காக 1988-இல் லண்டனில் தொடங்கிய 'ஆட்டோகிராஃப்' அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். மறு வருடம் டிசம்பரில், 34 வயதில் இறந்துபோனார். இன்னும் முப்பது வருடம் வேலை செய்திருக்க வேண்டிய மனிதர்.

வெள்ளைக்காரரான அமெரிக்க ஒளிப்படக்காரர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்பும் கறுப்பின ஆண்களை அழகாகத்தானே எடுத்தார்?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பல படங்களில் ஆள் காணாமல் போய் உறுப்பு மட்டும் மிஞ்சுகிறது. க்ளென் லைகன் என்ற கறுப்பினக் கலைஞர் மேப்பிள்தோர்ப்பின் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சட்டமிட்டு, நடுவே பலருடைய கருத்துகளை வரிசையாக மாட்டி, 1991-93-இல் ஒரு படைப்பாகவே ஆக்கினார். ரசிப்பும் கோபமும் அதில் அருகருகே இருக்கின்றன. ஒரே பக்கம் சாய்ந்து தீர்ப்பு சொல்லாததால் அந்தப் படைப்பின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

புதிதாகப் பார்ப்பவர் எங்கே தொடங்கலாம்?

மாலியின் பமாகோ நகரில். சேய்து கெய்தா 1948-இல் அங்கே ஸ்டுடியோ திறந்தார். ஊர்மக்கள் காசு கொடுத்து, தங்களுக்குப் பிடித்த உடையில், தாங்கள் விரும்பிய மாதிரி எடுத்துக்கொண்ட படங்கள் அவை. கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் ஸ்டுடியோவிலேயே இருக்கும். பூப்போட்ட துணி மேல் ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் உண்டு, அதில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். பிறகு மாலிக் சிடிபே 1963 கிறிஸ்துமஸ் இரவில் எடுத்த படம். அண்ணனும் தங்கையும் நெற்றியோடு நெற்றி சேரும் அளவுக்கு நெருங்கி ஆடுகிறார்கள், அவள் காலில் செருப்பு இல்லை. அதற்குப் பிறகு டைலர் மிட்செலுக்கு வரலாம். 2018 செப்டம்பரில் 'வோக்' என்ற ஃபேஷன் இதழின் அமெரிக்கப் பதிப்பின் அட்டைப்படத்தை எடுத்த முதல் கறுப்பின ஒளிப்படக்காரர், அப்போது வயது 23. புல்வெளியில் படுத்திருக்கும் இளைஞர்கள், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நிற்கும் பிள்ளைகள் என்று அவர் எடுக்கும் படங்களில் எல்லோரும் ஓய்வாக இருக்கிறார்கள்.