பழைய டிரம்பெட்டில் சிவப்புப் புள்ளிகள்: வாங்கலாமா?

மதுரைப் பக்கம் பேண்டு செட்காரர்களிடம் கைமாறி வரும் பழைய டிரம்பெட்டில், வாய் வைக்கும் பக்கத்துக் குழாயில் சில சமயம் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இதை 'ரெட் ராட்' என்பார்கள், அதாவது பித்தளை அரிப்பு.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஊதும்போது உள்ளே தங்கும் எச்சிலும் ஈரமும் துத்தநாகத்தை மெல்லக் கரைத்துவிடும். செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சும். கரையான் தின்ற நிலைக்கதவு மாதிரிதான்: வெளியே பெயிண்ட் பளபளக்கும், அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

சுருதி சேர்க்கும் குழாயை உருவி, வாய் வைக்கும் பக்கத்துக் குழாயின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளியின் நடுவே கருப்புப் பொட்டு இருந்தால், அரிப்பு உள்ளிருந்து வருகிறது என்று பொருள். வாய் வைக்கும் பக்கத்து அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதைச் சொல்லியே பேரம் பேசுங்கள். விரலால் அழுத்தும் பிஸ்டன் தேய்ந்திருந்தால்தான் நான் வேண்டாம் என்பேன்.

அப்புறம், நிறம் மங்கிய பித்தளையெல்லாம் அரித்துப்போனது இல்லை. பெரும்பாலும் மேல்பூச்சு உரிந்திருக்கும், அவ்வளவுதான்.