ரிட்சியைத் தெரியாத புரோகிராமரை வேலைக்கு எடுக்கலாமா?

கேள்வி: இருபது வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக்கூட சி நிரல் மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி யாரென்று தெரியவில்லை. அவர்கள் கொண்டாடும் பெயர்களோ எனக்குப் புதிது. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். எதை வைத்துத் தொழில் கற்றோமோ, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பெயர்தான் மனதில் நிற்கும். சி மொழி படித்தவர்களுக்கு ரிட்சியின் பெயர் புத்தக அட்டையிலேயே இருந்தது. பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து அவர் 1978-ல் எழுதிய அந்த நூலை இன்றும் 'கே அண்ட் ஆர்' என்றுதான் சொல்கிறோம். இப்போது காணொளி பார்த்துப் படிப்பவர்களுக்கு, ஆந்த்ரே கார்பதி மாதிரி செயற்கை நுண்ணறிவுப் பாடம் நடத்துபவரின் முகம்தான் பதிகிறது. போதாததற்கு, இன்றைய பெரிய வேலைகள் தனி ஆளுடையவையும் அல்ல. இன்றைய செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பை அறிமுகப்படுத்திய 2017 ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் எட்டுப் பேர். அத்தனை பெயரையும் யார் நினைவில் வைப்பார்கள்?

இன்னொரு காரணம், அடியில் இருப்பது ஒழுங்காக ஓடினால் அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பைதானில் எழுதும் உங்கள் இளைஞர் தினமும் சி மொழியின் மேல்தான் நிற்கிறார். நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைதானே சி-யில் எழுதப்பட்டதுதானே.

நம் தலைமுறை மட்டும் எல்லோரையும் நினைவில் வைத்திருந்ததா என்ன? பிரான்சஸ் ஆலன் தெரியுமா? ஐபிஎம்மில், நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர்களை வேகமான நிரல் தர வைக்கும் வழிகளுக்கு அடித்தளம் போட்டவர். 2006-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். சி எழுதிப் பிழைத்த நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. அதற்காக நம்மை யாரும் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனாலும் இந்தப் பெயர்கள் மறைந்துபோகக் கூடாது என்ற உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஒரு பெயரோடு அவர் ஏன் அப்படிச் செய்தார் என்ற காரணமும் சேர்ந்து வரும். அதுதான் இளைஞர்களுக்கு உதவும். அதனால் பெயர்ப் பட்டியலாகச் சொல்லாமல், கையில் இருக்கும் வேலையை ஒட்டிச் சொல்லுங்கள். கோ மொழியில் எழுதுகிறார்களா? அதை வடிவமைத்த மூவரில் ஒருவர் கென் தாம்சன், 1969-ல் ரிட்சியோடு யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய அதே ஆள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஒரு பிரான்ச் (கிளை) சிக்கிக்கொண்டதா? லினக்ஸ் குழு இதே வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்திய வேறொரு கருவி கைவிட்டுப் போனதால், லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை எழுதிய கதையைச் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் சொல்லும் பெயர்களையும் கேளுங்கள், அந்தக் காணொளிகளில் ஒன்றை முழுதாகப் பாருங்கள்.

நேர்முகத் தேர்வில் ஆழம் பார்க்க வேண்டுமா? சரி, நிரலில் ஒரு கோப்பைத் திறந்தால் அதற்கு அடியில் என்னென்ன நடக்கிறது என்று கேளுங்கள். அதைத் தெளிவாக விளக்குபவருக்கு ரிட்சியைத் தெரியாவிட்டாலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.