தேவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் ஏன் ஜெபிக்க வேண்டும்?

மத்தேயு 6:8ஐக் காட்டி இப்படிக் கேட்கிறீர்கள், உங்கள் ஜெபம் இரண்டே நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது என்றும் சொல்கிறீர்கள். தேவனுக்குத் தகவல் சொல்வதற்காக அல்ல ஜெபம். அந்த வசனம், கேட்கும் முன்பே பிதா அறிந்திருக்கிறார் என்கிறது. உடனே அடுத்த வசனத்தில் இயேசு ஜெபிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார். பிதா அறிந்திருப்பதே துணிந்து கேட்பதற்குக் காரணம். 5ஆம் நூற்றாண்டில் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் இறையியலாளர் அகுஸ்தீன் இதைத்தான் விளக்குகிறார்: தேவன் தரப்போவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் வாஞ்சை விரிய வேண்டும், அதற்காகவே கேட்கச் சொல்கிறார்.

இரண்டே நிமிஷத்தில் ஜெபம் தீர்ந்துவிடுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் மளிகைப் பட்டியல் ஜெபமாக இருக்கும். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பம் நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கு முன் தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம்.

சோதித்துப் பாருங்கள். நாளைக் காலை ஜெபத்தை அப்படியே தாளில் எழுதி, "தாரும்", "செய்யும்" என்று முடியும் வரிகளை அடித்துவிடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையா? ஒரு வாரம் சங்கீதம் 13ஐப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். ஆறே வசனங்கள்: 1-2 முறையீடு, 3-4 வேண்டுதல், 5-6 நம்பிக்கையும் துதியும். முறையீட்டைத் தவிர்த்துவிடாதீர்கள். பக்தி என்று நினைத்துப் பலர் அதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். அப்புறம் ஜெபம் உப்புச்சப்பில்லாமல் போகிறது.

ஒன்று கவனம்: கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசக் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். யாக்கோபு 4:3 தவறான நோக்கத்தைக் கண்டிக்கிறது, சரிதான். ஆனால் தன் மாம்சத்தில் இருந்த "முள்" என்ற வேதனை நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டியும் (2 கொரிந்தியர் 12:8-9) கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது.