வாசகர் கேள்வி – பதில்: உப்புக் காற்றில் நிற்கும் பழைய கார்

கேள்வி: ஐயா, என் தந்தை 1994-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி காரை இன்னும் வைத்திருக்கிறேன். கரும்பச்சை நிறம்; ஒரு முறைகூட மறுபெயின்ட் அடித்ததில்லை. வீட்டிலிருந்து கடற்கரை அரை கிலோமீட்டர்தான். வரும் சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் ஒதுக்கி நானே மெருகேற்ற நினைக்கிறேன். சென்ற வாரம் கதவின் ஓரத்தில் சிறிது பாலிஷ் போட்டுத் தேய்த்தபோது வெள்ளைத் துணி பச்சையாகிவிட்டதால் பயந்து நிறுத்திவிட்டேன். பெயின்ட் உரிகிறதா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: பயப்பட வேண்டாம். இக்காலக் கார்களில் வண்ணத்தின் மீது ‘கிளியர் கோட்’ என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று இருப்பதால், பாலிஷ் போடும்போது அதுதான் தேயும். துணியில் நிறம் ஏறாது. துணி பச்சையானதிலிருந்தே உங்கள் காரில் அந்த மேல்பூச்சு இல்லை என்பது தெரிகிறது. முப்பது ஆண்டு வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு போலப் பொடிந்த மேற்படலம்தான் துணியோடு வந்திருக்கிறது. அதன் அடியில் உங்கள் தந்தை வாங்கிய அன்றிருந்த பச்சை இன்னும் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் சிறிது குறைகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அடியிலுள்ள பிரைமர் வெளியே தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே பாலிஷைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்வதைவிட உங்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஊருக்கு அருகே மணவாளக்குறிச்சியில் தனியாக ஆலை வைத்துப் பிரித்தெடுக்கும் இல்மனைட், சிர்கான், கார்னெட் போன்ற தாதுக்கள் அந்தக் கரையோர மணலிலேயே கலந்திருக்கின்றன. மரவேலைக்கான உப்புத்தாளில் ஒட்டப்படும் கல் இதே கார்னெட்தான். கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் கொண்டது. காற்றில் பறந்து வந்து பானெட்டில் படிந்த அந்த மணலைக் காலையில் உலர்ந்த துணியால் ‘தூசி தட்டுகிறேன்’ என்று துடைப்பது, காரை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அவற்றில் பெரும்பகுதி இப்படித் துடைத்ததால் விழுந்தவையாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் காரை நிழலில் நிறுத்தி, முதலில் அடிப்பகுதியை நனையுங்கள். மட்கார்டின் உள்மடிப்பு, சக்கரக் குழி, கதவின் அடிவிளிம்பு ஆகியவையே உப்பு தங்கும் இடங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழையே இல்லாத நாளிலும் கடற்கரை ஊரில் தகரம் துருப்பிடிப்பது இதனால்தான். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஈர்க்குச்சியால் மெல்லக் குத்தி அடைப்பை நீக்குங்கள். பல ஆண்டுச் சேறு கறுப்பாக ஒழுகி வருவதைப் பார்த்தால், இதை இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று உங்களுக்கே தோன்றும்.

அதன் பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி, துணி எதுவும் படாமல், ஓஸ் பைப் தண்ணீரிலேயே மணல் முழுவதும் இறங்கும்வரை அடியுங்கள். பின்பு இரண்டு வாளிகளை எடுத்து, ஒன்றில் கார் ஷாம்பூவும் மற்றதில் வெறும் தண்ணீரும் வையுங்கள். ஒவ்வொரு பகுதியைக் கழுவி முடித்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் முக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு, அது தானாகக் காய்வதற்கு முன்பே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இல்லையென்றால் வெள்ளைப் புள்ளிகள் நின்றுவிடும்.

சனிக்கிழமை பிற்பகலில், மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை வருடிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது சொரசொரப்பாகத் தெரியும். அப்படித் தட்டுப்படுகிற, கழுவியும் போகாத படிவுகளை எடுப்பதற்குத்தான் ‘கிளே’ என்னும் களிமண் கட்டி இருக்கிறது. ஷாம்பூ கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்க விடுங்கள். கட்டி தரையில் விழுந்துவிட்டால் விலையைப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள்; அதில் ஒட்டிய மணலை எடுக்கவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமைதான் பாலிஷ். உங்களுக்கு ரப்பிங் காம்பவுண்ட் என்னும் கரகரப்பான தேய்ப்புப் பசையும் வேண்டாம், வேகமாகச் சுழலும் மெஷினும் வேண்டாம். நயமான பாலிஷும் கையுமே போதும். முதலில் டிக்கியில் இரண்டு அடிச் சதுரம் மட்டும் செய்து பார்த்து, நிறம் திரும்பினால் மற்ற இடங்களுக்குப் போகலாம். பானெட்டின் முகடுகளிலும் கதவு விளிம்புகளிலும் பெயின்ட் மிக மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கெல்லாம் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். துணி பச்சையாக நிரம்பியதும் வேறு துணிக்கு மாறுங்கள். பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள். அதன் அடியில் துரு இருக்கிறது, அது பட்டறை வேலை. குரோம் பம்பரில் மேலோட்டமாக இருக்கும் துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும்.

முடிவில் வாக்ஸை மெல்லியதாகப் பூசி, மங்கலாக உலர்ந்ததும் துடைத்தெடுங்கள். கிளியர் கோட் இல்லாத உங்கள் பச்சைக்கு வெயிலுக்கும் உப்புக்கும் எதிராக இருக்கும் ஒரே காப்பு அதுதான். ஆகவே இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறக்காமல் பூச வேண்டும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளான என் காருக்கு செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். போட்டால் கீறல் விழாது என்பது உண்மையா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இல்லை. தண்ணீரும் அழுக்கும் எளிதில் வழிந்தோடும், கழுவுவது சுலபமாகும், அவ்வளவு உண்மை. கல் தெறித்தாலும் மணலோடு துடைத்தாலும் கீறல் விழவே செய்யும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் பாலிஷ் செய்து நீக்காமல் போட்டால் அவை கோட்டிங்கின் அடியில் அப்படியே நின்றுவிடும் என்பதால், அந்த வேலையும் கட்டணத்தில் அடங்குமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: ஆடி மாதக் காற்றுக்குப் பயந்து காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: வேண்டாம். உங்கள் ஊர்க் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்பதை அங்கே சுழலும் காற்றாலைகளே சொல்லும். அந்தக் காற்றில் படபடக்கும் தார்ப்பாய், அடியில் தூசியோடு காரை நாள் முழுவதும் உரசிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு ஈரத்தையும் வெளியே விடாது. காரைக் கழுவி, அது காய்ந்த பிறகு மட்டும், காற்றுப் புகும் துணி உறையை அதன் மீது இறுக்கிக் கட்டுங்கள். அதற்கு வசதியில்லாவிட்டால் மூடாமல் சுவரோரம் நிறுத்தி, வாரம் ஒரு முறை தண்ணீர் அடித்துக் கழுவுவதே மேல்.