டிவி தச்சர்களும் நம் பட்டறையும்: கேள்வி பதில்

மார்த்தாண்டம் பக்கத்தில் மரவேலை செய்கிறேன். நடுவில் ஒன்பது வருடம் வளைகுடாவில் இருந்தேன். அமெரிக்க மரவேலை நிகழ்ச்சிகளை முதலில் பார்த்தது அங்கேதான், ராத்திரி அறைக்குத் திரும்பிய பிறகு. இப்போது நம் பிள்ளைகள் எல்லாரும் போனிலேயே பார்க்கிறார்கள். அந்த நிகழ்ச்சிகளில் வரும் ஆட்களையும் கருவிகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, கட்டம் போட்ட சட்டையோடு வருவாரே நார்ம் ஏப்ரம், அவர் உண்மையிலேயே தச்சரா?

தச்சர்தான் தம்பி. பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1979-ல் ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொண்டு, அதைச் சரிசெய்வதை வாராவாரம் காட்டுவார்கள். அதை உருவாக்கியவர் ரஸல் மோராஷ். அதற்கு முன்பு மோராஷ் வீட்டில் நார்ம் ஒரு வேலை செய்திருக்கிறார். அங்கே கழிவுத் துண்டுகளின் குவியல் ரொம்பச் சின்னதாக இருந்ததைக் கவனித்துத்தான் மோராஷ் இவரை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வேலை கேட்டு யாராவது வந்தால் ஒரு பலகையைக் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவன் காலடியில் என்ன கிடக்கிறது என்றுதான் அப்பா பார்ப்பார். 1989-ல் நார்முக்கென்று தனியாக ‘தி நியூ யாங்கி வொர்க்‌ஷாப்’ வந்தது. 2009 வரை 21 சீசன் ஓடியது.

பாறசாலையிலிருந்து: ‘திஸ் ஓல்ட் ஹவுஸ்’ நிகழ்ச்சியை முதலில் தொகுத்து வழங்கிய பாப் வீலா ஏன் விலகினார்?

வெளி விளம்பரங்களில் நடித்ததால் வந்த தகராறு. அதுவும் 1989-ல்தான். பிறகு ஸ்டீவ் தாமஸ் 2003 வரை இருந்தார். அப்புறம் வந்தவர் கெவின் ஓ’கானர். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். தன் வீட்டு வேலைக்கு உதவி கேட்டு, இதன் துணை நிகழ்ச்சியில் முகம் காட்டியவர். எனக்கு அவரைப் பிடிக்கும். நாம் கேட்க நினைப்பதை அவர் கேட்டுவிடுகிறார்.

அருமனையிலிருந்து: மச்சான் அமெரிக்காவிலிருந்து டேபிள் வாள், அதாவது மேசையில் பொருத்திய மின்வாள், கொண்டுவரட்டுமா என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். டிரில், மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர், கையில் பிடிக்கும் வட்ட வாள் போன்ற கார்பன் பிரஷ் உள்ள கருவிகள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஓடும். ஆனால் பெரிய டேபிள் வாளில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை இறக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே நிமிடத்துக்கு 3450 சுற்று ஓடியது இங்கே 2875 பக்கம்தான் ஓடும், சூடும் ஏறும். பேட்டரிக் கருவி என்றால் சார்ஜரின் அடியில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கொண்டுவரட்டும்.

தக்கலையிலிருந்து: வாள் ஓடும்போது டிவியில் யாரும் கையுறை போடுவதில்லையே, தப்பில்லையா? அப்புறம், விரல் பட்டதும் நிற்கும் வாள் உண்மையா?

போடாததுதான் சரி. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் பாதுகாப்பு என்று சொல்லி எல்லாருக்கும் துணிக் கையுறை கொடுத்தார்கள். என் பக்கத்தில் நின்று அறுத்துக்கொண்டிருந்தவரின் கையுறையில் நுனி நூல் பிரிந்திருந்தது. அந்த நூல் வாளின் பல்லில் மாட்டியது. கையுறையை வாள் இழுத்தது, கையும் கூடவே போனது. இரண்டு விரல். வெறும் கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்ததோடு போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வாளில் மேல்மூடி இல்லை. வாளுக்குப் பின்னால் நிற்கும் தகடும் இல்லை. இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருந்தார்கள். அந்தத் தகடு எதற்கென்று தெரிந்துகொள்ளுங்கள். அறுபட்ட மரம் சில சமயம் பின்பக்கம் சேர்ந்து வாளை இறுக்கும். வாளின் பின்பல் மேலே எழும்பி வருவது. அது மரத்தைத் தூக்கி உங்கள் வயிற்றைப் பார்த்து எறியும். பிளவு சேராமல் நடுவில் நிற்பதுதான் தகட்டின் வேலை. படம் தெளிவாகத் தெரியட்டும் என்று மூடியைக் கழற்றிக் காட்டும் நிகழ்ச்சிகள் உண்டு. அதைப் பார்த்து நீங்களும் கழற்றாதீர்கள். நார்ம் ஒவ்வொரு முறையும் வேலை தொடங்கும் முன் பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்வாரே, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விரல் பட்டதும் நிற்கும் வாள் உண்மைதான், பெயர் சாஸ்டாப். வாளில் சின்ன மின் சமிக்ஞை ஓடும். தோல் பட்டதும் அது மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பல்லுக்குள் பாய்ந்து, ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்திவிடும். அதன் பிறகு வாளையும் கட்டையையும் மாற்ற வேண்டும். ஈரமரமும் மின்சாரம் கடத்தும் என்பதால், நம் மழைக்காலத்துப் பச்சை மரத்தைக் கொடுத்தால் விரல் படாமலே பாய்ந்துவிடும்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஓர் ஆசிரியர்: மின்சாரமே இல்லாமல் ஒருவர் வேலை செய்வாரே, அது வெறும் காட்சிக்கா?

ராய் அண்டர்ஹில். நிகழ்ச்சியின் பெயர் ‘தி வுட்ரைட்ஸ் ஷாப்’. கையாலும் காலாலும் ஓடும் கருவிகள் மட்டும்தான். காட்சிக்கு இல்லை சார், அது முழு வேலை. நீங்கள் தக்கலை தாண்டும்போது ஒருமுறை பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போய், தாய்க்கொட்டாரத்தில் நிற்கும் பலாமரத் தூணைப் பாருங்கள். அங்கே உளியைத் தவிர என்ன இருந்திருக்கும்? ராய் பிடிக்கும் இழைப்புளியும், நம் பக்கம் சிந்தேர் என்று சொல்வதும் ஒன்றே. ஒரு வேலையை இரண்டு நிகழ்ச்சியிலும் பாருங்கள். நார்ம் ரூட்டரில் எடுக்கும் காடியை, அதாவது நீளப் பள்ளத்தை, ராய் கையால் எடுப்பார். இரண்டிலும் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார்க்கிறார்களே, அதை விட்டுவிடாதீர்கள்.

கருங்கலிலிருந்து: ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்’ நிகழ்ச்சியில் ஒரே வாரத்தில் வீடு கட்டுகிறார்களே?

அது மரச்சட்ட வீடு, சுவர் ஜிப்சம் பலகை. நூற்றுக்கணக்கான ஆட்கள் ராப்பகலாக மாறி மாறி நின்றால் முடியும். நம் கான்கிரீட் முழு பலத்துக்கு 28 நாள் கேட்கும்.

கொல்லங்கோட்டிலிருந்து: டிவியில் பார்த்துப் பலா மரத்தில் அலமாரி செய்தேன். ஜூனில் கதவு இறுகியது. பிப்ரவரியில் கதவுப் பலகை நடுவில் வெடித்தது. மரம் சரியில்லையா?

மரத்தைக் குறை சொல்லாதீர்கள். நடுப்பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருப்பீர்கள். அதுதான் காரணம். மரம் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். குடித்தால் அகலத்தில் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறாது. நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை விட்ட மாதங்களில் வறட்சி. பலகை வருடம் முழுக்க மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டிப் பிடித்து வைத்தால் எங்காவது வெடித்துத்தான் வழி தேடும்.

நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சட்டத்தின் மூலைக்கு மட்டும் பசை போடுவார்கள். பலகை காடிக்குள் சும்மா நிற்கும். ஓர் அடி அகலப் பலகை என்றால் காடிக்குள் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். கோடையில் செய்தால் கூடுதலாக, மழையில் செய்தால் குறைவாக. சட்டம் பூட்டும் முன்பே பலகைக்குப் பாலிஷ் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும்.

மேல்புறத்திலிருந்து ஓர் அக்கா: வீட்டு வேலைக்கு நானே கற்றுக்கொள்ள ஆசை. டிவியில் காட்டும் மெஷின்கள் எல்லாம் வாங்க முடியாது. எதில் தொடங்க?

மெஷின் ஒன்றும் வேண்டாம் அக்கா. ஒரு கைவாள், அரை அங்குல உளியும் ஓர் அங்குல உளியும், சாணைக்கல், கொட்டாப்புளி, மூலைமட்டம், பென்சில் போதும். உளியைத் தீட்டிய பிறகு பலாக் கட்டையின் குறுக்கு முனையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் இன்னும் கூர் வரவில்லை. மெல்லிய தோல்போலச் சுருண்டு வந்தால் போதும், கல்லைக் கீழே வைக்கலாம்.

மூலைமட்டத்தை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான ஓரமுள்ள ஒரு பலகை கேளுங்கள். மட்டத்தை ஓரத்தில் அணைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே புரட்டிப்போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் வாங்கலாம். மேலே போகப்போக விலகினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். விலகி நிற்பதில் பாதிதான் அந்த மட்டத்தின் பிழை.