பொட்டாசியத்துக்கு 2,8,9 போட்டா என்ன தப்பு?

கேள்வி: ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு பரீட்சையில பொட்டாசியத்தோட எலக்ட்ரான் அமைப்ப 2,8,9ன்னு எழுதி ஒரு மார்க் போச்சு. "மூணாவது ஷெல்லுல 18 வரைக்கும் இடம் இருக்குன்னு புக்குலயே போட்டிருக்கு, அப்புறம் எதுக்கு 8ல நிறுத்திட்டு நாலாவதுக்குப் போகணும்"னு வீட்டுக்கு வந்து ஒரே சண்டை. டீச்சர் "அது ரூல், மனப்பாடம் பண்ணு"ன்னுட்டாங்களாம். நானும் எதிர்க்கேள்வி கேக்காம படின்னு நாலு திட்டு திட்டினேன். இப்படி எல்லாத்துக்கும் வம்புக்கு நிக்கிற பிள்ளைய எப்படி சார் வழிக்குக் கொண்டு வர்றது? — ஒரு அப்பா, திண்டுக்கல்

பதில்: வழிக்கு வர வேண்டியது பொண்ணு இல்ல, நீங்க. மார்க் போனது நியாயம்தான், விடை 2,8,8,1. ஆனா அவ கேட்டது சரியான கேள்வி. பதில் தெரியலன்னா தெரியலம்மான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், திட்டு எதுக்கு?

புக்குல ரெண்டு வரி இருக்கும். ஒண்ணு, ஷெல்லுக்கு ஷெல், அதாவது கருவச் சுத்தி எலக்ட்ரான் இருக்கற அடுக்குக்கு அடுக்கு, கொள்ளளவு 2, 8, 18, 32. இன்னொண்ணு, கடைசி ஷெல்லுல எட்டுக்கு மேல இருக்கக்கூடாது. பொண்ணு முதல் வரியப் பிடிச்சுகிட்டா, டீச்சர் ரெண்டாவது வரியப் பிடிச்சுகிட்டாங்க, நடுவுல இருக்கற விஷயத்த யாரும் சொல்லல. கொள்ளளவுன்னா எத்தனை பேர் தங்கலாம்ங்கறது, அவ்வளவுதான். யார் எப்ப எங்க வந்து தங்குவாங்கன்னு அது சொல்லாது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒண்ண நினைச்சுக்கோங்க. மூணாவது மாடியில ரெண்டு பேர் ரூம் ஒண்ணு, ஆறு பேர் ரூம் ஒண்ணு, பத்து பேர் தங்கற ஹால் ஒண்ணு, மொத்தம் 18. பாடத்துல இதுக்குப் பேரு 3எஸ், 3பி, 3டி. ஆர்கான் வர்றப்ப, அதாவது 18வது எலக்ட்ரானோட, முதல் ரெண்டு ரூமும் ஃபுல். அடுத்து வர்ற பொட்டாசியத்தோட 19வது ஆளுக்கு ஹால் காலியாத்தான் இருக்கு, ஆனா வாடகை ஜாஸ்தி. நாலாவது மாடியில இருக்கற ரெண்டு பேர் ரூம், 4எஸ், அதைவிட சல்லிசு. அவன் மேல ஏறிடறான். இங்க வாடகைன்னா எனர்ஜி.

மேல போகப்போக வாடகை கூடணும்தானே, எப்படி குறையும்னு பொண்ணு அடுத்து கேப்பா, கேக்கணும். பொட்டாசியம் கருவுல 19 புரோட்டான். உள்ள இருக்கற 18 எலக்ட்ரானும் சேர்ந்து அந்த இழுப்ப மறைச்சுடுது, திரை போட்ட மாதிரி. 3டி-யில போய் உக்காந்தா கருவுக்குப் பக்கத்துல போறதே அபூர்வம், அதனால திரைக்கு வெளியவே நின்னுகிட்டு ஏதோ ஒரே ஒரு புரோட்டான் இழுக்கற அளவுக்குத்தான் இழுப்பு தெரியும். 4எஸ் அப்படி இல்ல, பெரும்பாலான நேரம் வெளிய இருந்தாலும் அடிக்கடி திரைக்குள்ள புகுந்து கரு பக்கத்துல வரைக்கும் போயிட்டு வரும், முழு இழுப்பும் படும், அந்த இழுப்புதான் எனர்ஜிய கீழ கொண்டு வருது. பொட்டாசியத்துல 3டி, 4எஸ்-க்கு மட்டுமில்ல, 4பி-க்கும் மேல கிடக்கு.

கடைசி ஷெல்லுல எட்டுதான்ங்கற ரூலே இதுலேர்ந்து வந்ததுதான். ரெண்டும் ஆறும் எட்டு, அதுக்கப்புறம் பத்து பேர் ஹால் திறக்கறதுக்கு முன்னாடி அடுத்த மாடி ரூம் திறந்துடுது, அப்புறம் இந்த ஷெல் எப்படி கடைசி ஷெல்லா இருக்கும்? இதை விட்டுட்டு "எட்டு இருந்தா அணு சந்தோஷமா இருக்கும்"னு சொல்லிக் குடுக்கறாங்க பாருங்க, எனக்கு எரிச்சலே அங்கதான். அணுவுக்கு என்ன சந்தோஷம்?

அணுகிட்டயே கேட்டுப் பாத்தாச்சுன்னும் பொண்ணுகிட்ட சொல்லுங்க. பொட்டாசியத்துலேர்ந்து முதல் எலக்ட்ரானப் பிடுங்க 4.34 எலக்ட்ரான் வோல்ட் (எனர்ஜிய அளக்கற அலகு) போதும். ரெண்டாவதுக்கு 31.6, ஏழு மடங்கு. ஒருத்தன் மட்டும் வாசல்ல நிக்கறான், மத்தவங்க எல்லாம் உள்ள தாழ்ப்பாள் போட்டுகிட்டாங்கன்னு அர்த்தம். 2,8,9ன்னா, அதாவது அவன் 3டி-யில இருந்தா, பிடுங்க சுமார் 1.7 எலக்ட்ரான் வோல்ட்டே போதும்; 4.34 ஆகுதுன்னா அவன் 4எஸ்-லதான் இருக்கான்.

அவ எழுதின அந்த 9 எங்கயும் ஓடிப் போகல, ரெண்டு வீடு தள்ளி இருக்கு. கால்சியம் 2,8,8,2. கரு இழுப்பு கூடக்கூட 3டி மடமடன்னு கீழ இறங்கும், அடுத்த ஸ்காண்டியத்துல ஹால் திறந்தாச்சு: 2,8,9,2. இரும்பு 2,8,14,2. துத்தநாகத்துல 2,8,18,2, ஹால் ஃபுல்.

இப்படி உள்ள இருக்கற ஷெல் லேட்டா நிரம்பறத வெச்சு ஒரு தனிமத்தையே பிடிச்சிருக்காங்க. 72ம் நம்பர், அதாவது 72 புரோட்டான் இருக்கற தனிமம், ரொம்ப நாள் காணாம கிடந்துச்சு, அது அருமண் (ரேர் எர்த்) வகையா இருக்கும்னு அங்கேயே தேடிட்டு இருந்தாங்க. அணு அமைப்ப ஆராய்ஞ்ச இயற்பியலாளர் நீல்ஸ் போர் கணக்குப் போட்டு, நாலாவது ஷெல் 71லயே 32 ஆயிடுது, அதனால 72 அருமண் இல்ல, சிர்கோனியத்துக்கு சொந்தக்காரன்னு சொன்னார். எழுதிப் பாருங்க: சிர்கோனியம் 2,8,18,10,2. 72ம் நம்பர் 2,8,18,32,10,2. வால் ரெண்டும் ஒண்ணு. கோப்பன்ஹேகன்ல கோஸ்டர், ஹெவிசின்னு ரெண்டு விஞ்ஞானிங்க சிர்கோனியம் தாதுவ எக்ஸ்ரேயில வெச்சுப் பாத்தா உள்ள அது உக்காந்திருக்கு. 1922 டிசம்பர்ல போர் நோபல் உரை நிகழ்த்தப் போன சமயத்துல சேதி போய்ச் சேந்துச்சு, உரையிலயே சொல்லிட்டார். ஹாஃப்னியம்னு பேரு, கோப்பன்ஹேகனோட லத்தீன் பேரு ஹாஃப்னியா.

போன ஒரு மார்க்குக்கு மனு எல்லாம் போட வேண்டாம், திட்டினதுக்கு மட்டும் ஒரு சாரி சொல்லிடுங்க. கையோட காப்பருக்கு எழுதச் சொல்லுங்க, 29 எலக்ட்ரான். நான் மேல சொன்னத வெச்சு 2,8,17,2ன்னு போடுவா. அது தப்பு, 2,8,18,1தான் சரி. ஏன்னு சண்டை போட்டு அடுத்த கடிதம் அவளே எழுதட்டும், நீங்க எழுத வேண்டாம்.