பித்தப்பை எடுத்த பிறகு எடை ஏற

பித்தப்பையை எடுத்ததும் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், எடை இறங்கிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். பயப்படாதீர்கள். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சேர்த்துவைக்க இப்போது பை இல்லை, அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரே வேளையில் நிறைய எண்ணெய் போனால்தான் வயிற்றைக் கலக்கும். அதையே ஐந்தாறு வேளையாகப் பிரித்து, வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவில் எடுத்தால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான் என்பதால் அந்தச் சின்ன அளவுகூட உதவும். சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறதா? சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால்பவுடரை ஓட்ஸிலோ சூப்பிலோ கரைத்துவிடுங்கள், புரதம் கூடும். அப்புறம், அனுமதி கிடைத்ததும் லேசான உடற்பயிற்சி, அப்போதுதான் ஏறுவது தசையாக ஏறும். காய்ச்சல், கண் மஞ்சளாவது, எண்ணெய்ப்பசையோடு மலம் மிதப்பது, இதில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.